‘பரியாரி’ என்ற சொல்லின் வேரைத் தேடுதல்: வன்னியில் சொல் திரட்டத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முள்ளியவளையிலோ ஒட்டுசுட்டானிலோ வயது முதிர்ந்த ஒருவரிடம், சுளுக்குக்கு எண்ணெய் போட யாரிடம் போகலாம் என்று கேட்டால், ‘பரியாரியாரிட்டைப் போங்கோ’ என்ற விடை இன்றும் வரக்கூடும். தந்தையிடமிருந்தோ தாய்மாமனிடமிருந்தோ வைத்தியத்தைக் கற்று, ஏட்டை வீட்டுக்கு வெளியே கொடுக்காமல், மருந்துச் சரக்குகளின் பெயரை உரத்துச் சொல்லாமல் தொழில் செய்தவர்களைக் குறித்த சொல் அது. அதனாலேயே, சொற்களைத் திரட்ட முதன்முதலாகப் புறப்படும் மாணவர்களிற் பலர், ‘பரியாரி என்றால் இரகசியம் அறிந்தவர் என்று பொருள்’ என எழுதிக்கொண்டு வருகிறார்கள். இது தவறு. அந்த மனிதர் இரகசியத்தைக் காத்தவர் என்பது உண்மை. ஆனால் அவரைக் குறித்த சொல்லுக்குள் அந்த இரகசியம் இல்லை. ஆளின் பழக்கத்தைச் சொல்லின் பொருளாக ஏற்றிவிடுவதே சொற்பிறப்புத் தேடலில் புதியவர்கள் செய்யும் முதற் பிழையாகும். அந்தப் பிழையைத் தவிர்த்து, ஒரு சொல்லின் பொருளையும் பிறப்பையும் எவ்வாறு தேடுவது என்பதை, இந்த ஒரு சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற் படி: அகராதியைத் திறக்குமுன் ஊரில் கேளுங்கள்

அகராதியை முதலில் பார்த்துவிட்டுப் போகிறவர், அகராதி சொன்னதையே பெரியவர்களின் வாயிலிருந்து வரவழைக்க முயல்வார். ஆகவே ஒரு கொப்பியும், ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைத்தொலைபேசியும் மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் ஊருக்குப் போங்கள். பதிவு செய்வதற்கு முன்பு அனுமதி கேளுங்கள். கேட்காமல் பதிந்த குரல் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அதை அழித்துவிடுங்கள்.

வன்னியில் இந்த வேலை மற்ற இடங்களைவிடச் சற்றுக் கடினமானது. ஒரே ஒழுங்கையில், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குடும்பமும், இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களின் வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பமும், 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியமர்ந்த குடும்பமும் அயலவர்களாக இருக்கும். 2009இல் முடிந்த போரின் இறுதிக் காலத்து இடப்பெயர்வும் அதன் பின்னான மீள்குடியமர்வும் இந்தக் கலப்பை இன்னும் கூட்டின. ஆதலால் ஒருவர் இன்று புதுக்குடியிருப்பில் வசிக்கிறார் என்பதற்காக அவர் சொன்ன சொல்லைப் புதுக்குடியிருப்புச் சொல் என்று எழுதிவிடக்கூடாது. பெயருக்குக் கீழே வயது, பிறந்த ஊர், தாயின் ஊர், சிறுபிராயத்தில் வளர்ந்த ஊர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். தாயின் ஊரை ஏன் கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நோயின் பெயர்களையும் மருந்தின் பெயர்களையும் பெரும்பாலோர் தாயிடமிருந்தும் ஆச்சியிடமிருந்துமே கற்கிறார்கள் என்பதுதான் காரணம்.

கேள்வி கேட்கும் முறையும் முக்கியமானது. ‘பரியாரி என்றால் என்ன பொருள்?’ என்று கேட்டால், பாடசாலைப் பரீட்சையில் கேட்பதுபோல் உணர்ந்து, பெரியவர் ஏதோ ஒரு பொருளைச் சொல்லி முடித்துவிடுவார். அதைவிட, ‘அப்பு, நீங்கள் சின்னனாயிருக்கேக்கை காய்ச்சல் வந்தால் ஆரிட்டைக் கொண்டுபோவினம்? அவரை ஊரிலை என்னெண்டு கூப்பிடுவினம்?’ என்று கேளுங்கள். விடை ஒரு கதையாக வரும். அந்தக் கதைக்குள் சொல் தானாக வந்து விழும். விசகடி பார்ப்பவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர், மாட்டு வாகடம் தெரிந்தவர், பார்வை பார்த்துத் தண்ணீர் ஓதிக் கொடுப்பவர் ஆகிய எல்லாரையும் ஊர் பரியாரி என்று அழைத்ததா, அல்லது அவர்களில் சிலரை மட்டுமே அழைத்ததா என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லின் எல்லை அங்கேதான் தெரியும். காணி உறுதி யாராவது காட்ட முன்வந்தால், அதிலுள்ள வளவுப் பெயர்களையும் பாருங்கள். தொழிற்பெயர் சேர்ந்த ஒரு வளவுப் பெயர், அந்தச் சொல் அந்த ஊரில் எத்தனை காலமாக வழங்குகிறது என்பதற்கு ஆண்டோடு கூடிய சான்றாக அமையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லைத் தேடிப் போகிறீர்கள். மருந்தைத் தேடிப் போகவில்லை. நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில், ஒரு முதியவர் தம் தகப்பனாரின் ஏட்டுக்கட்டைச் சீலைப் பொதியிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார். நான் ஆவல் மிகுதியால், அதிலுள்ள ஒரு விசகடி மந்திரத்தை வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கட்டை மறுபடியும் சீலையால் சுற்றினார், தேநீர் வந்தது, குடித்தேன், அத்துடன் அந்த வீட்டில் என் வேலை முடிந்தது. மந்திரத்தையோ மருந்துச் செய்முறையையோ கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். இன்னொன்றையும் இடையில் சொல்லிவைக்கிறேன்: வயல் வழியே நடந்து போகும்போது உங்களுக்குப் பாம்பு கடித்தால், நேராக அரசினர் வைத்தியசாலைக்குப் போங்கள். சொல் ஆராய்ச்சியை ஊசி போட்டபின் தொடரலாம்.

இரண்டாம் படி: வடிவங்களைச் சேர்த்து, பழைய அச்சில் தேடுங்கள்

ஊரில் கேட்ட வடிவங்களை ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பரியாரி, பரியாரியார், பரிகாரி, பரிகாரியார் என்பன வரும். அவற்றின் உறவினராகத் தோன்றும் சொற்களையும் பக்கத்தில் எழுதுங்கள்: பரிகாரம், பரிகரித்தல். இந்தக் கட்டத்தில் எது முந்தியது என்று முடிவு செய்ய வேண்டாம்.

பிறகு அகராதிகளை அவை வெளிவந்த காலத்தின்படி பாருங்கள். ஈழத்தவர்க்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1842ஆம் ஆண்டு மானிப்பாயில் அச்சாகி, யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் நூல் நம் பகுதியிலேயே தொகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசனரி உவின்சிலோ, அங்கே தொடங்கப்பெற்ற முயற்சியைப் பெருக்கி 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதி அடுத்தது. அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் பாருங்கள். இவற்றிற் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஈழத்து அச்சு நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் பெரிதும் உதவும். கைத்தொலைபேசியில் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் நாளில் தேவையான பக்கங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பேரகராதியைப் பயன்படுத்தும்போது, தலைச்சொல்லுக்கு அடுத்தாற்போல் இடப்பக்கம் கூர்முனை நோக்கிய ஒரு சிறு குறியைக் காண்பீர்கள். அந்தக் குறிக்குப் பின்வருவது, தொகுத்தவர்கள் மூலம் என்று கருதிய சொல்லாகும். கருதிய சொல் என்றுதான் சொல்கிறேன். தீர்ப்பு என்று சொல்லவில்லை. அந்தக் குறியைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடாமல், அது பொருந்துகிறதா என்று நீங்களே சோதிக்க வேண்டும். சோதிப்பதுதான் அடுத்த படி, நீளமானதும் அதுவே.

மூன்றாம் படி: சொல்லை வெட்டும்போது கை தவறாதீர்கள்

‘பரி’ என்றால் குதிரை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆகவே, முற்காலத்தில் வைத்தியர்கள் குதிரையில் வந்தார்கள், அதனால் பரியாரி என்ற பெயர் வந்தது என்ற விளக்கம் மிகவும் அழகாக இருக்கிறது. இளவயதில் ஒரு பாடசாலை விழாவில் இதை நானே மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் பரிகாரி, பரிகாரம், பரிகரித்தல் என்ற உறவுச் சொற்களை வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. பரிகாரத்தில் எந்தக் குதிரை வருகிறது? ஒரு விளக்கம் தனிச் சொல்லுக்குப் பொருந்தி, அதன் சுற்றத்துக்குப் பொருந்தாமற் போனால் அதைக் கைவிடுங்கள். ‘பரிவு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பவர்களுக்கும் இதே விடைதான்.

இரண்டாவது கண்ணி ‘பூசாரி’ என்ற சொல். பூசாரி, பரியாரி என்று அருகருகே எழுதினால் ‘ஆரி’ என்பது தொழில் செய்பவரைக் குறிக்கும் விகுதிபோலத் தோன்றும். ஈறு ஒத்திருப்பதாலேயே உறவு வந்துவிடாது. ககரத்தோடு கூடிய பரிகாரி என்ற வடிவம் நம் கையில் இருக்கும்போது, அதை மறந்துவிட்டுத் தேய்ந்த வடிவத்தை வெட்டுவது, காலில் இல்லாத முள்ளைத் தேடித் தோலைக் கீறுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது கண்ணியில் படித்தவர்களே அதிகம் விழுகிறார்கள். அதிகாரி, உபகாரி என்பவற்றைப் போலப் பரிகாரியையும் ‘காரி’, அதாவது செய்பவர், என்று பிரிப்பார்கள். அதிகாரியிலும் உபகாரியிலும் இருப்பது ‘செய்தல்’ என்னும் பொருளுள்ள ‘க்ரு’ என்ற வடமொழி வேர். பரிகாரியில் இருப்பதோ ‘எடுத்துச் செல்லுதல்’ என்னும் பொருளுள்ள ‘ஹ்ரு’ என்ற வேறொரு வேர். மூலத்தில் ககரமாக இருந்ததும் ஹகரமாக இருந்ததும் தமிழில் ஒரே எழுத்துக்குள் வந்து ஒடுங்கிவிடுவதால் இந்த மயக்கம் உண்டாகிறது. தேஹம் தேகமாயிற்று, மோஹம் மோகமாயிற்று, மஹிமை மகிமையாயிற்று. இதன் விளைவை ‘ஆகாரம்’ என்ற ஒரு சொல்லிலேயே பார்க்கலாம். உணவு என்று பொருள்படும் ஆகாரம் ஹ்ருவிலிருந்து வந்தது. வடிவம் என்று பொருள்படும் ஆகாரம் க்ருவிலிருந்து வந்தது. தமிழில் இரண்டுக்கும் எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. விகாரமும் விகாரையும் இவ்வாறே வேறு வேறு வேர்களிலிருந்து வந்தவை. ஆகவே வடசொல் என்று நீங்கள் ஐயுறும் எந்தச் சொல்லிலும் நடுவே ககரம் வந்தால், அதன் பின்னால் இருப்பது ககரமா ஹகரமா என்று வடமொழி அகராதியில் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள்.

பார்த்தால் வழி தெளிவாகும். ‘பரி’ என்னும் முன்னொட்டு ‘சுற்றி, முற்றாக’ என்ற பொருளைத் தரும். அதனோடு ஹ்ரு சேரும்போது ‘விலக்குதல், தவிர்த்தல், நீக்குதல்’ என்ற பொருள் பிறக்கிறது. அதிலிருந்து பரிஹாரம், அதாவது நீக்கம். பரிஹாரின், அதாவது நீக்குபவர். அந்தப் பரிஹாரின் என்பதே தமிழில் பரிகாரியாயிற்று.

இனிப் பரிகாரி எவ்வாறு பரியாரியாயிற்று என்பதற்குத் தமிழ் இலக்கணமே விடை வைத்திருக்கிறது. பேச்சில் நடுவிலுள்ள ககரம் மெலிந்து தேய்ந்தபோது, ‘பரி’ என்பதன் இகரமும் அடுத்த ஆகாரமும் நேருக்கு நேர் நின்றன. இரண்டு உயிர்கள் அவ்வாறு நின்றால் இகரத்தின் பின் யகரம் உடம்படுமெய்யாக வரும் என்று நன்னூல் 162ஆம் சூத்திரம் சொல்கிறது: ‘இ ஈ ஐவழி யவ்வும்’. புணர்ச்சிக்குச் சொன்ன விதி என்று இலக்கண ஆசிரியர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் நாக்கு சொல்லுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்கிறது. இப்படிச் சிதைந்து வழங்கும் சொற்களுக்கு மரூஉ என்ற பெயரையும், அவற்றை இயல்பு வழக்குக்குள் சேர்க்கும் பெருந்தன்மையையும் அதே நூலின் 267ஆம் சூத்திரத்தில் காணலாம். பரியாரி என்று சொல்லும் ஆச்சியைக் கொச்சையாகப் பேசுகிறார் என்று திருத்தப் புறப்படும் மாணவர், அந்தச் சூத்திரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் படி: கிடைத்த பொருளை வேறிடங்களில் வைத்துச் சோதியுங்கள்

‘நீக்குபவர்’ என்ற பொருள் வைத்தியருக்குப் பொருந்துமா? பல்லவர் செப்பேடுகளில், கொடையாக அளித்த ஊர்களுக்கு வரிகளிலிருந்து தரப்பட்ட விலக்குகளைப் பரிஹாரம் என்றே எழுதியிருக்கிறார்கள். அங்கே நீக்கப்பட்டது வரி. சாதகத்தில் கிரக தோசத்துக்குப் பரிகாரம் செய்யும்போது நீக்கப்படுவது தோசம். பரியாரியிடம் போகும்போது நீக்கப்படுவது நோய். மூன்றிலும் அடிப்படைப் பொருள் மாறவில்லை. இப்படி மூன்று வேறு துறைகளில் ஒரே பொருள் நின்றால், வேரைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று துணியலாம்.

தமிழர்கள் இந்தச் சொல்லை இவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொண்டதற்கு, நோயை நீக்கப்பட வேண்டிய ஒன்றாகவே நாமும் பேசிவந்தது காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. நோய் தீர்ந்தது என்கிறோம்; பிணி அகன்றது என்கிறோம். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) வள்ளுவர், ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்று மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, மருத்துவரைத் ‘தீர்ப்பான்’ என்றே குறிக்கிறார். தீர்ப்பானும் பரிகாரியும் பொருளால் ஒன்று. ஒன்று தமிழ் வேரிலிருந்தும் மற்றது வடமொழி வேரிலிருந்தும் வந்தவை, அவ்வளவே.

இதே தொழிலைக் குறிக்கும் மற்றச் சொற்களையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். வைத்தியர் என்பது ‘வித்யா’ என்பதிலிருந்து, அறிதல் என்னும் பொருளுள்ள ‘வித்’ வேரிலிருந்து வந்தது. வேதம் என்ற சொல்லும் அதே வேரினது. மருத்துவர் என்பது மருந்தோடு தொடர்புடைய தமிழ்ச் சொல். ஆக, ஒரே திண்ணையில் குழியம்மிக்கு முன்னால் இருக்கும் ஒரே மனிதரை, அவர் அறிந்ததைக் கொண்டு வைத்தியர் என்றும், அவர் தருவதைக் கொண்டு மருத்துவர் என்றும், அவர் நீக்குவதைக் கொண்டு பரியாரி என்றும் மூன்று பக்கங்களிலிருந்து பெயரிட்டிருக்கிறார்கள். இவற்றுள் அறிவைச் சுட்டுவது வைத்தியர் என்ற சொல் மட்டுமே; அதுகூட மறைத்துவைத்த அறிவைச் சுட்டவில்லை.

தமிழகத்தின் தென்பகுதியில் பரியாரி என்ற சொல் முடிதிருத்தும் தொழில் செய்வோரையும் குறிக்கும். அங்கிருந்து வந்த ஒருவரோடு பேசும்போது இதை நினைவில் வைத்திருங்கள். முற்காலத்தில் கட்டி கீறுவதும் புண் கட்டுவதும் அவர்கள் கையில் இருந்தமையால் இரண்டு பொருள்களும் ஒரு சொல்லில் சேர்ந்தன.

ஐந்தாம் படி: இரகசியம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தேடுங்கள்

பரியாரியில் இரகசியம் இல்லையென்றால், இரகசிய அறிவைக் காப்பவர் என்பதைச் சொல்லுக்குள்ளேயே கொண்ட தமிழ்ச் சொல் உண்டா? உண்டு: மறையோர், மறையவர். இன்று இந்தச் சொல்லைக் கேட்டவுடன் வேதம் ஓதும் அந்தணர்தான் நினைவுக்கு வருவர். ‘மாமுது பார்ப்பான் மறைவழி காட்டிட’ என்று கண்ணகியின் திருமணத்தைச் சிலப்பதிகாரம் சொல்லும்போது மறை என்பது வேதமே. ஆனால் சொல்லின் வேர் அதற்கு முந்தியது.

திருக்குறளில் மறை என்ற சொல் வரும் இடங்களை எடுத்துப் பாருங்கள். இது புதியவர்களுக்கு மிக நல்ல பயிற்சி. ஒற்றாடலில், ஒற்றனுக்கு எல்லாரும் அறியச் சிறப்புச் செய்தால் ‘புறப்படுத்தான் ஆகும் மறை’ (590) என்கிறார். கயமையில், தாம் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்வதால் கயவர் அறையப்படும் பறையை ஒப்பர் (1076) என்கிறார். இரண்டு இடத்திலும் மறை என்பது இரகசியம். வேதத்துக்கு அங்கே இடமே இல்லை. நீத்தார் பெருமையில், ‘நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்’ (28) என்னும்போது மறைமொழி மந்திரமாகிறது. தொல்காப்பியச் செய்யுளியலும், நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழியே மந்திரம் என்று வரையறுக்கிறது. மறைத்தல், இரகசியம், மந்திரம், வேதம் என்று பொருள் படிப்படியாக ஒடுங்கிச் சென்ற பாதையை இங்கே கண்ணாற் காணலாம்.

இந்தச் சொல்லுக்கு வடமொழி அகராதியைப் புரட்ட வேண்டாம். பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திய பதிப்பாகக் கொணர்ந்த திராவிடச் சொற்பிறப்பகராதியைப் பாருங்கள். மலையாளத்தில் திரையைக் குறிக்கும் மற, தெலுங்கில் மறைவைக் குறிக்கும் மறுகு, கன்னடத்தில் மறைவையும் மறதியையும் குறிக்கும் மறெ என்று இனச்சொற்கள் வரிசையாக நிற்கும். நம் ‘மற’ என்ற வினையும் அந்தக் குடும்பத்தையே சேர்ந்தது. பரிகாரியை இந்த அகராதியில் தேடினால் கிடைக்காது. அது திராவிட வேர்களுக்கான நூல். ஒரு சொல் எந்த அகராதியில் இல்லை என்பதும் ஒரு செய்திதான்.

மறை என்று ஏன் பெயரிட்டார்கள் என்பதற்குக் குறுந்தொகை 156ஆம் பாடல் ஒரு பக்க வெளிச்சம் தருகிறது. பாண்டியன் ஏனாதி நெடுங்கண்ணனார் பாடிய அந்தப் பாட்டில், காதலியைப் பிரிந்து வாடும் தலைவன் பார்ப்பனத் தோழனைப் பார்த்து, ‘எழுதாக் கற்பின் நின் சொல்லுள்ளும் பிரிந்தோர்ப் புணர்க்கும் பண்பின் மருந்தும் உண்டோ’ என்று கேட்கிறான். எழுதாக் கற்பு என்றால் ஏட்டில் எழுதாமல் வாயாற் சொல்லிச் செவியாற் கேட்டுக் கற்கும் கல்வி. எழுதப்படாத கல்வி, தகுதி உடையவரென்று கருதப்பட்டவர்களின் செவிக்கு மட்டுமே எட்டும். மற்றவர்களுக்கு அது மறைந்தே இருக்கும். மறைந்த கல்வியையும் மருந்தையும் ஒரே வரியில் சேர்த்துக் கேட்ட இந்தத் தலைவனை நினைக்கும்போதெல்லாம், சீலையால் ஏட்டைச் சுற்றிய அந்த முதியவரும் எனக்கு நினைவில் வருகிறார்.

பரியாரியாரின் இரகசியத்தைக் காட்டும் சொற்கள் அவருடைய பெயரில் இல்லாவிட்டாலும் அவர் தொழிலைச் சுற்றி இருக்கின்றன, அவற்றையும் திரட்டுங்கள். வாகடம் என்பது வைத்திய நூல். வாக்படர் என்ற பழைய வைத்திய ஆசிரியரின் பெயரே நூலுக்கு ஆகிவந்தது. பரிபாசை என்பது சித்த வைத்திய ஏடுகளில் சரக்குகளை நேர்ப்பெயரால் சொல்லாமல் வேறு பெயரால் சொல்லும் மொழி. இதே இயல்புடையதை நன்னூலார் குழூஉக்குறி என்பார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். உள்ளே போனதும் மறைத்ததையெல்லாம் சொல்ல வைக்கும் பானத்துக்கு, மற்றவர்களுக்கு விளங்காதபடி மறைத்து இட்ட பெயர் சொல்விளம்பி! சித்தர் என்ற சொல்லையும் இரகசியத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அது ‘சித்த’, அதாவது கைகூடிய, நிறைவேறிய என்னும் வடசொல்லின் வழி வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்லலாம்.

ஆறாம் படி: அரசாங்கத் தாளும் ஊர் வாயும்

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டவர்கள், பதிவுப் பத்திரத்திலும் வாசற் பலகையிலும் பரியாரி என்று எழுதுவதில்லை. சித்த வைத்தியர், பாரம்பரிய வைத்தியர் என்றே எழுதுகிறார்கள். ஒருவரைப் பலகை எவ்வாறு அழைக்கிறது, அயலவர் எவ்வாறு அழைக்கிறார்கள், அவருடைய பேரப்பிள்ளைகள் எவ்வாறு சொல்கிறார்கள் என்ற மூன்றையும் பதியுங்கள். இளையவர்களில் எத்தனை பேர் இந்தச் சொல்லை விளங்கிக்கொள்கிறார்கள், எத்தனை பேர் தாமே பயன்படுத்துகிறார்கள் என்பதை வேறு வேறாகக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

பழமொழிகளையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் கவனமாயிருங்கள். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று ஒருவர் சொன்னால், பக்கத்திலிருப்பவர் ‘அது பேரை அல்ல, வேரை’ என்று உடனே திருத்துவார். பழைய பழமொழித் தொகுப்புகளை ஆண்டு வரிசையில் பார்க்காமல் எவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாயில் வந்ததை வந்தபடியே எழுதி, திருத்தியவர் சொன்னதையும் கீழே எழுதுங்கள்.

ஏழாம் படி: பதிவை எழுதுங்கள்

எழுதும்போது, சொல், வடிவங்கள், இன்றைய பொருள், பிறப்பு, சான்று, சொன்னவர் என்ற ஒழுங்கு போதும். பிறப்பையும் வழக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். பரியாரிக்கு நான் எழுதுவதாயிருந்தால் இவ்வாறு எழுதுவேன்:

‘பரியாரி: பரிகாரி என்பதன் மரூஉ; மதிப்புப் பன்மை பரியாரியார். நாட்டு வைத்தியம் செய்பவர். பரிஹாரின் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் நீக்குபவர். ஒப்புநோக்க: பரிகாரம், தீர்ப்பான் (குறள் 950). வழக்குக் குறிப்பு: இவர்கள் வைத்திய அறிவைக் குடும்பத்துக்குள் பேணி வந்தனர், சொல்லின் பொருளில் இச்செய்தி இல்லை.’

எழுதிய பதிவைச் சொல் தந்தவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். நான் அவ்வாறு வாசித்துக் காட்டிய ஒரு வீட்டில், அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் வெளியே வந்து, ‘எல்லாம் சரி தம்பி, பிள்ளைப்பேறு பாத்த மனிசியை நாங்கள் பரியாரி எண்டு சொல்லயில்லை, மருத்துவிச்சி எண்டெல்லோ சொன்னனாங்கள், அதை ஏன் எழுதயில்லை?’ என்று கேட்டார். அன்றிரவே பதிவின் கீழே ஒரு வரி சேர்த்தேன். நீங்களும் உங்கள் ஊரில், இந்த அறிவைக் காத்த பெண்களை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்ற கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.